அளவுகோல் யார் கையில்?

பெண் படிக்கட்டும், ஆனால் குடும்பத்துக்கு அடங்கி நடக்கட்டும். பெண் வேலைக்குச் செல்லட்டும்; ஆனால் விளக்கு வைக்கும் நேரத்தில் வீட்டில் இருக்கட்டும். பெண் ஆங்கிலம் பேசட்டும்; ஆனால் எதிர்த்துப் பேசாதிருக்கட்டும். இப்படி வாக்கியந்தோறும் வழிமறித்து நிற்கிறதே ஓர் 'ஆனால்', அதனை நாம் கேட்காத நாள் உண்டா? நல்லவர்கள் வாயிலிருந்தும் அது வருகிறது. நாலெழுத்துப் படித்தவர்கள் வாயிலிருந்தும் வருகிறது. பெண்கல்வி குறித்து மேடையில் முழங்கிவிட்டு வீடு திரும்பும் வீரர்கள் வாயிலிருந்தும் வருகிறது!

ஆணுக்கு அந்த 'ஆனால்' உண்டா? "மகன் பொறியியல் படிக்கட்டும், ஆனால் ரசம் வைக்கத் தெரிந்திருக்கட்டும்" என்று சொன்ன தந்தையை எந்த ஊரிலே காண்பது? அவன் படிப்புக்கு எல்லை, கையிலுள்ள பணம். அல்லது மண்டையிலுள்ள அறிவு. அவள் படிப்புக்கு எல்லையோ, பிறருடைய விருப்பம்!

ஒரு மனித உயிர் எவ்வளவு அறியலாம், எவ்வளவு தொலைவு செல்லலாம், எந்த அளவுக்கு மாறலாம் என்பதை இன்னொரு மனித உயிர் அளந்து கொடுக்கிறதே, அந்த அளவுகோலை அதன் கையில் கொடுத்தவர் யார்? இதுவே நம்முன் உள்ள கேள்வி. இதற்கு விடை காணப் புராணங்களைப் புரட்ட வேண்டியதில்லை, புதினங்களைப் புரட்டுவோம். சாத்திரம் அச்சுறுத்தும், சட்டம் கட்டளையிடும். புதினமோ, ஒரு காலத்து மக்கள் தம் வீட்டுக்குள் எதை விரும்பினார்கள், எதைக் கண்டு நடுங்கினார்கள் என்பதை, எழுதியவரே அறியாமல்கூடக் காட்டிக் கொடுத்துவிடும்.

தமிழின் முதற் புதினங்களை நாம் எடுத்துக்கொள்வோம். கூடவே, துருக்கியின் முதற் புதினங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். துருக்கி எதற்கு என்பீர்களானால், நம் முகம் நமக்குத் தெரியாது, கண்ணாடி வேண்டும் என்போம். நம்மைப் போலவே, ஏறத்தாழ அதே ஆண்டுகளில், அதே கேள்வியோடு தடுமாறிய நாடு அது.

இரு நாடுகள், ஒரே அச்சம்

1872-ல் இஸ்தான்புல் நகரிலே ஷெம்செத்தின் சாமி என்பவர், தலாத் என்ற இளைஞனும் பித்நாத் என்ற நங்கையும் கொண்ட காதலைக் கதையாக வெளியிடத் தொடங்கினார். துருக்கி மொழியின் முதற் புதினம் என்று அதனைப் பலரும் குறிப்பர். ஏழாண்டு கழித்து, 1879-ல், மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' அச்சேறியது. தமிழுக்கு அதுவே முதற் புதினம்.

துருக்கி, சுல்தானின் சொந்த ஆட்சியில் இருந்த பேரரசு. ஆயினும் ஐரோப்பாவின் பீரங்கிக்கும் கடனுக்கும் அஞ்சிக் கிடந்த பேரரசு. தமிழகமோ வெள்ளையன் ஆட்சிக்கே உட்பட்டிருந்தது. அங்கே புதிய எழுத்தாளரிற் சிலர் அரசாங்க மொழிபெயர்ப்பு அலுவலகத்திலிருந்து வந்தனர்; இங்கே முதற் புதினம் எழுதியவர் மாவட்ட முன்சீப். இருவரும் பழைய உலகிலே ஒரு காலும் புதிய உலகிலே ஒரு காலும் வைத்து நின்றவர்கள். இருவர் நெஞ்சிலும் எழுந்த கேள்வி ஒன்றே: மேல்நாட்டிடமிருந்து எதை எடுப்பது? எதை விடுப்பது?

இரயில் வேண்டும், தந்தி வேண்டும், அச்சுப்பொறி வேண்டும், அரசாங்கப் பதவியும் வேண்டும். பதவிக்காக அங்கே பிரெஞ்சு, இங்கே ஆங்கிலம் கற்றாக வேண்டும். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டால் 'நம்முடையது' என்று சொல்லிக்கொள்ள எஞ்சுவது என்ன? இந்த அச்சத்துக்கு அக்காலத்து ஆண்கள் எளிதான மருந்தொன்று கண்டார்கள். 'நம்முடையது' வீட்டுக்குள் இருக்கிறது. வீட்டுக்குள்ளே அது பெண்ணிடம் இருக்கிறது என்றார்கள். ஆண், கோட்டு அணிந்து கச்சேரிக்குச் செல்வான். மாலையில் அதைக் கழற்றி ஆணியில் மாட்டியதும் பழைய மனிதனாகிவிடுவான். பெண்ணுக்குத் தரப்பட்டதோ கழற்ற முடியாத வேடம். மாறும் உரிமை அவனுக்கு. மாறாதிருக்கும் கடமை அவளுக்கு! நாட்டின் பண்பாடு முழுவதையும் ஒரு பெண்ணின் தலையில் மூட்டையாக ஏற்றிவிட்டு, "மெல்ல நட, கீழே போட்டுவிடாதே" என்று பின்னால் நின்று சொல்லும் ஏற்பாடு இது.

உடை மாறினால் உலகம் மாறும்!

இரண்டு முதற் புதினங்களிலும் ஓர் ஒற்றுமை உண்டு. இரண்டிலும் மாறுவேடம் வருகிறது.

துருக்கிக் கதையிலே, வீட்டுக்குள் அடைபட்டிருக்கும் பித்நாத்தைக் காண வேறு வழியின்றி, தலாத் பெண்ணுடை தரித்துச் செல்கிறான். முகத்திரையோடு தெருவில் இறங்கியதுமே ஆண்களின் தொல்லை அவனைத் தொடர்கிறது. பெண்ணாகப் பிறந்தவர்கள் நாள்தோறும் படும் பாட்டினை அவன் அப்போதுதான் உணர்கிறான். பித்நாத்தோ தன்னைவிட மிக மூத்த செல்வர் ஒருவருக்கு விருப்பமின்றி மணமுடிக்கப்பட்டு, தன் உயிரைத் தானே மாய்த்துக்கொள்கிறாள்.

தமிழ்க் கதையிலே, ஞானாம்பாள் ஆணுடை தரிக்கிறாள். கணவனைப் பிரிந்து தேடிச் செல்பவளை, விக்கிரமபுரியில் யானை மாலையிட்டு அரசனாக்குகிறது. பெண்ணென்று அறியாத குடிகள் அவள் ஆட்சியைப் போற்றுகிறார்கள். நீதி வழங்குகிறாள், சிறைப்பட்ட கணவனை மீட்கிறாள், நாட்டைச் சீர் செய்கிறாள். பின்னர் அரசைத் துறந்து, இல்லாளாக வீடு திரும்புகிறாள்.

இவ்விரு காட்சிகளையும் சேர்த்துப் பாருங்கள். பெண் ஆணுடை உடுத்தால் அரியணை கிடைக்கிறது. ஆண் பெண்ணுடை உடுத்தால் அவமானம் கிடைக்கிறது. உடுத்தியவரின் அறிவு கூடவுமில்லை, குறையவுமில்லை, உடைதான் மாறியது! ஆட்சித் திறன் உடலின் அமைப்பில் இல்லை, உரிமையின் அமைப்பில் இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? முதற் புதினங்களே இதனைச் சொல்லிவிட்டன. ஆனால் சொன்னதைத் தாமே முழுதும் ஏற்கத் துணியவில்லை. நாடாளத் தெரிந்தவள், பெண்ணுடையோடு நாடாள்வதாக ஒரு பக்கம் எழுத முன்சீப் வேதநாயகரால் இயலவில்லை.

அவரைக் குறை கூற நாம் முனையவில்லை. 1869-லேயே பெண்களுக்கென்று 'பெண்மதி மாலை' இயற்றியவர் அவர். தம் புதினத்திலே கதைத் தலைவனைவிடத் தலைவியை அறிவிற் சிறந்தவளாகப் படைத்தவர். கதைத் தலைவனின் தாயையும் கூர்மதி படைத்தவளாகக் காட்டியவர். தமிழ் மக்களின் வழக்கு தமிழிலேயே நடக்க வேண்டும் என்று வாதாடியவர். 1887-ல் வெளிவந்த 'சுகுணசுந்தரி'யிலே குழந்தை மணத்தைக் கண்டித்தவர். அவ்வளவு செய்தவர் கையிலும் அளவுகோல் இருந்தது என்பதுதான் நாம் காட்ட விரும்புவது. தீயவர் கையிலிருந்தால் பிடுங்குவது எளிது. நல்லவர் கையில் இருக்கும்போதுதான் அது அளவுகோல் என்றே நமக்குத் தெரிவதில்லை!

மைனருக்கு ஏளனம், மங்கைக்கு மரணம்

மேல்நாட்டு மோகத்தை எள்ளி நகையாடுவதிலே துருக்கிப் புதினங்கள் வல்லவை. 1875-ல் அகமது மிதாத் எழுதிய நூலில் இரு இளைஞர்கள் வருகிறார்கள். பெலாத்தூன், தந்தையின் செல்வத்தை ஆடம்பரத்திலும் சூதிலும் கரைப்பவன். ராக்கிம், உழைத்துப் படித்து முன்னேறுபவன். 1896-ல் ரெஜாயிசாதே எக்ரெம் வெளியிட்ட 'வண்டி மோகம்' என்ற புதினத்தின் பிஹ்ரூஸ், அரைகுறைப் பிரெஞ்சு பேசிக்கொண்டு, அலங்கார வண்டியில் ஊர்வலம் வந்து, கடனில் மூழ்குபவன். நம் நாட்டிலே இந்த ஆளுக்கு ஒரு பெயர் உண்டு. 'மைனர்' என்போம்! சில்க் சட்டையும் சென்ட் மணமுமாய், பாட்டன் தேடிய நிலத்தைப் பந்தயத்தில் தொலைக்கும் அந்த மைனரை நம் நாடகங்களும் கதைகளும் பலமுறை கண்டிருக்கின்றன.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஆண் மேல்நாட்டு மோகம் கொண்டால் நாம் சிரிக்கிறோம். பணம் போகும்; மானம் போகும்; பின் அவன் திருந்துவான், அல்லது மீண்டும் சிரிக்க வைப்பான். பெண் வரம்பு மீறினாலோ கதை சிரிப்பை நிறுத்திவிடுகிறது. 1876-ல் நாமிக் கெமால் எழுதிய 'இந்திபாஹ்' என்ற புதினத்தில், இளைஞன் அலி ஒருவனுக்காக இரு பெண்கள் சாகிறார்கள். ஒருத்தி அவனை மயக்கிய மஹ்பெய்கர். மற்றவள் அவன் தாய் விலைக்கு வாங்கிவந்த அடிமைப் பெண் திலாஷூப். மயக்கியவள் சாவது தண்டனையாம். அன்பு செய்தவள் அவனுக்காக உயிர் கொடுப்பது பெருமையாம்! தவறிழைத்த பெண்ணுக்கும் சாவு, தவறிழைக்காத பெண்ணுக்கும் சாவு. ஒருவன் பாடம் கற்க இரண்டு உயிர் விலை என்றால், அந்தப் பள்ளிக்கூடம் நமக்கு வேண்டாம்.

கற்றுக் கொடுத்த கை, ஐயப்பட்ட மனம்

சரி, பெண்ணுக்குக் கல்வி கொடுத்த கதைகள் இல்லையா? உண்டு. அங்கேதான் கேள்வி இன்னும் கூர்மையாகிறது.

மேலே கூறிய நல்லிளைஞன் ராக்கிம், ஜானான் என்னும் அடிமைப் பெண்ணை விலை கொடுத்து வாங்குகிறான். அவளுக்கு எழுத்தறிவிக்கிறான், பியானோ கற்பிக்க ஆசிரியை அமர்த்துகிறான், இறுதியில் மணந்துகொள்கிறான். இரக்கமுள்ளவன்தான். ஆயினும் அவள் கற்றது அவன் தேர்ந்தது. அவன் மகிழ்ச்சிக்கு உகந்தது. பெண்ணின் அறிவு அங்கே ஆணின் வீட்டுக்கு வாங்கிப் போட்ட நல்ல நாற்காலி போன்றது. வீட்டுக்கு அழகு, விருந்தினருக்கு வியப்பு!

தமிழிலே 1898-லும் 1899-லும் வெளிவந்த அ. மாதவையாவின் 'பத்மாவதி சரித்திர'த்தில் அடிமை வாணிகம் இல்லை. ஆங்கிலம் கற்ற நாராயணன் தன் மனைவியின் கல்வியில் ஆர்வம் கொண்டவன். அவளைத் தோழியாகக் காண விரும்புகிறவன். ஆனால் அந்தப் படித்த கணவனே ஒருநாள் குற்றமற்ற மனைவி மீது ஐயம் கொள்கிறான். அவன் கற்ற ஆங்கிலம் அந்த ஐயத்தைத் தடுக்கவில்லை. கல்லூரிப் படிப்பு மூளையைத் தொட்டது. 'இவள் என் உடைமை' என்ற எண்ணத்தைத் தொடவில்லை. படிப்பு வேறு, பகுத்தறிவு வேறு என்று நாம் அடிக்கடி சொல்கிறோமே, அதற்கு மாதவையா காட்டிய மனிதன் நல்லதோர் உதாரணம்.

பி. ஆர். ராஜமையர் 1893 முதல் 1895 வரை 'விவேக சிந்தாமணி'யில் எழுதிய 'கமலாம்பாள் சரித்திரம்' ஊர்ப்பழி ஒரு குடும்பத்தை எப்படிக் குலைக்கிறது என்பதைச் சொல்கிறது. ஊர்ப் பெண்கள் கூடிப் பேசும் 'வம்பர் மகாசபை'யை ஆசிரியர் நகைச்சுவையோடு தீட்டுகிறார். படித்தால் நமக்கும் சிரிப்பு வருகிறது. ஆயினும் சிரித்து முடித்தபின் சற்றே சிந்திப்போம். பள்ளிக்கூடம் அவர்களுக்கு மூடப்பட்டிருந்தது, கச்சேரி மூடப்பட்டிருந்தது, ஏடு மூடப்பட்டிருந்தது. திறந்திருந்தது ஆற்றங்கரையும் அண்டை வீடும்தான். மூளைக்கு வேலை கொடுக்காத சமூகம், வாய்க்கு மட்டும் வேலை இருப்பதாகப் பழிப்பது என்ன நேர்மை?

அவளே பேசியபோது

மாதவையா செய்த மற்றொரு செயலைப் பாராட்டாமல் இருக்க முடியாது. 1892-ல் 'சாவித்திரி சரித்திரம்' என்று தொடராக எழுதத் தொடங்கி, இடையில் நின்று, 1903-ல் 'முத்துமீனாட்சி' என்று நூலாக வெளிவந்த கதை, ஒரு பார்ப்பனப் பெண் தன் வரலாற்றைத் தானே சொல்வதாக அமைந்தது. சிறுமியாக மணமுடிக்கப்பட்டு, மாமியார் வீட்டில் வாடி, கைம்மை எய்தி, பின் மறுமணம் புரிந்துகொள்ளும் பெண் அவள். "இவளுக்கு என்ன செய்யலாம்?" என்று நாடெங்கும் ஆண்கள் விவாதித்துக் கொண்டிருந்த நாளிலே, "எனக்கு இவ்வாறு நேர்ந்தது" என்று அவளைப் பேச வைத்தார். எழுதியது ஆணின் கைதான். ஆயினும் 'அவள்' என்ற சொல் 'நான்' என்று மாறியபோது கேள்வியே மாறிவிட்டது. 'அவள்' என்றால் அளக்கலாம். 'நான்' என்று எழுந்து நிற்பவளை எப்படி அளப்பது?

உண்மையாகவே பெண்கள் எழுதுகோல் ஏந்தியபோது என்ன நடந்தது? 1862-ல் பிறந்த இரு பெண்களைப் பாருங்கள். ஒருவர் இஸ்தான்புல்லின் பாத்மா ஆலியே. 1890-ல் ஒரு பிரெஞ்சுப் புதினத்தை மொழிபெயர்த்தபோது 'ஒரு பெண்' என்று மட்டுமே கையொப்பமிட்டார். 1892-ல் தம் புதினத்தைத் தம் பெயரிலேயே வெளியிட்டார். 'ஒரு பெண்' என்பதிலிருந்து தன் பெயர் வரை நடக்க இரண்டாண்டு! மற்றவர் கிருபாபாய் சத்தியநாதன். மராட்டிய மண்ணில் பிறந்து, 1878-ல் மருத்துவம் கற்கச் சென்னைக்கு வந்தவர். உடல்நலம் இடம் கொடாததால் படிப்பை விட்டார். 1887, 88-ஆம் ஆண்டுகளில் 'சகுணா' என்ற புதினத்தை ஆங்கிலத்தில் எழுதினார். கல்வியின்மேல் ஒரு பெண்ணுக்குள்ள தாகமே அதன் உயிர். 1894-ல், முப்பத்திரண்டு வயதில் மறைந்தார்.

பின்னர் வந்தவர் வை. மு. கோதைநாயகி அம்மாள். ஐந்து வயதில் மணமானவர், பள்ளிக்கூடம் காணாதவர். 1925 முதல் 'ஜகன்மோகினி' இதழை நடத்தி, நூற்றுக்கும் மேற்பட்ட புதினங்கள் எழுதினார். அதன்பின் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார். 1936-ல் அவர் வெளியிட்ட 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்' என்ற புதினம், கேட்டை விளைவிப்பது எது என்று காட்டியது. மேல்நாட்டு நாகரிகமா? அல்ல! பொட்டுக்கட்டும் பழைய வழக்கம். அதற்குக் காவல் நின்ற பக்தியும் பணமும். தேவதாசி முறையைக் குலப் பெருமை என்றவர் முன்னே, அந்தக் கொடுமையை உள்ளிருந்தே கண்டவர் எழுதிய நூல் அது. ஆண்கள் எழுதிய கதைகளில் பெண்ணுக்கு ஆபத்து வெளிநாட்டிலிருந்து வந்தது; பெண் எழுதியபோதோ, அது உள்ளூரிலேயே, கோயில் வாசலிலேயே இருந்தது தெரிந்தது!

மேல்நாடு அளவுகோலா?

இங்கே ஒரு நண்பர் குறுக்கிடக் கூடும். "எல்லாவற்றிலும் வெள்ளைக்காரியைப் போல் ஆகிவிடுவதுதான் பெண் விடுதலையா?" என்பார். நியாயமான கேள்வி. நேராகவே விடையளிப்போம்: அல்ல!

மேல்நாடு பெண்ணை எப்படி வைத்திருந்தது? மணமான பெண் தன் பெயரில் தனிச் சொத்து வைத்துக்கொள்ள முழு உரிமை தரும் சட்டம் இங்கிலாந்தில் வந்தது 1882-ல். வேதநாயகரின் ஞானாம்பாள் நாடாண்டு மூன்றாண்டு கழித்து! ஆணுக்கு நிகரான வாக்குரிமை அங்கே 1928-ல் கிடைத்தது. புரட்சி கண்ட பிரான்சில் 1944. சுவிட்சர்லாந்தின் கூட்டாட்சித் தேர்தலில் 1971. நம் சென்னை மாகாணமோ, சொத்துத் தகுதியுடைய பெண்களுக்கு 1921-லேயே வாக்குரிமை அளித்தது. கெமால் பாஷாவின் துருக்கி 1934-ல் நாடாளுமன்ற வாக்குரிமை தந்தது, பிரான்சுக்குப் பத்தாண்டு முன்னே.

ஆகவே, பெண்ணுரிமை மேல்நாட்டிலிருந்து கப்பலேறி வந்த சரக்கு அல்ல. அங்கும் பெண்கள் போராடித்தான் பெற்றார்கள். நீராவி இயந்திரத்தை 'அயல்நாட்டுப் பொருள்' என்று தள்ளாதவர்கள், நீதியை மட்டும் அயல்நாட்டுப் பொருள் என்று தள்ளுவது ஏன்? இயந்திரம் அவர்களுக்கு இலாபம். நீதியோ அவர்கள் வீட்டு அடுக்களையில் கணக்குக் கேட்கிறது!

இன்னொரு நண்பர் சொல்வார்: "நல்ல தாய் வேண்டும், நல்ல மனைவி வேண்டும், அதற்காகப் பெண்ணைப் படிக்க வையுங்கள் என்று முன்னோர் வாதாடியதால்தானே பள்ளிக் கதவு திறந்தது? உரிமை என்று கேட்டிருந்தால் அன்றே அடித்துச் சாத்தியிருப்பார்களே!" உண்மை. அந்த வாதம் ஓர் ஏணியாயிற்று, மறுக்கமாட்டோம். ஆனால் ஏணியில் ஏறியவர் ஏணியிலேயே குடியிருக்க முடியுமா? பயன் கருதிக் கொடுத்த கல்வி, பயன் தீர்ந்தால் பறிக்கப்படும். "நல்ல மனைவி ஆவதற்குப் பத்தாம் வகுப்பு போதும்" என்று ஒருவன் சொன்னால், பயன் பேசியவரிடம் மறுமொழி உண்டா? உரிமை பேசுகிறவரிடம்தான் உண்டு. "அவள் படிப்பது அவளுக்காக" என்ற ஒரே வாக்கியம் போதும். அதற்கு 'ஆனால்' ஒட்டாது.

செங்கற்பட்டு சொன்னது

அந்த வாக்கியத்தை நாடறியச் சொன்ன ஊர் நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. 1929-ஆம் ஆண்டு பிப்ரவரி 17, 18 நாட்களில் செங்கற்பட்டில் முதலாவது மாகாணச் சுயமரியாதை மாநாடு கூடியது. டபிள்யூ. பி. ஏ. சவுந்தரபாண்டியனார் தலைமை ஏற்றார். பெண்ணுக்கு ஆணோடு சமமான சொத்துரிமையும் வாரிசுரிமையும் வேண்டும்; ஒத்துவாழ இயலாத மணத்தை முறித்துக்கொள்ளும் உரிமை இருவருக்கும் வேண்டும்; பதினாறு வயதுக்கு மேல்தான் பெண்ணுக்கு மணம்; தொடக்கப் பள்ளி ஆசிரியர் பணிகள் பெண்களுக்கே தரப்பட வேண்டும் என்றெல்லாம் அங்கே தீர்மானங்கள் நிறைவேறின. 'நல்ல மனைவி ஆவாள்' என்ற காரணம் காட்டிக் கெஞ்சவில்லை. சொத்தும் ஊதியமும் முறிக்கும் உரிமையும் கேட்டார்கள். புதினங்கள் கொடுக்கத் தயங்கிய மூன்றும் அவைதாம்! தன் கையில் சொத்தும், தன் உழைப்பில் ஊதியமும், தன் காலால் வெளியேறும் உரிமையும் இருந்திருந்தால், பித்நாத் ஏன் சாக வேண்டும்? முத்துமீனாட்சி ஏன் மாமியார் வீட்டில் வாட வேண்டும்?

குடும்பச் சொத்தில் மகளுக்குச் சமபங்கு அளிக்கும் சட்டம் தமிழ்நாட்டில் வந்தது 1989-ல். தீர்மானத்துக்கும் சட்டத்துக்கும் இடையே அறுபது ஆண்டு! நாடு முழுவதுக்கும் அது 2005-ல்தான் வந்தது.

இன்னொரு மாற்றமும் எண்ணத்தக்கது. இராமாமிர்தம் அம்மையார் பெயரால் அரசாங்கம் நடத்திய திட்டம், முதலில் படித்த ஏழைப் பெண்ணின் திருமணத்துக்கு நிதி தந்தது. பின்னர் தாலிக்குத் தங்கமும் சேர்த்தது. பெற்றோர் மகளைப் பள்ளியில் நிறுத்திவைக்க அது உதவியது என்பதில் ஐயமில்லை. ஆயினும் படிப்பின் முடிவில் நின்றது மணமேடை. 2022-ல் அதே பெயரிலே, அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்விக்குச் செல்லும் மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய் என்று திட்டம் மாற்றியமைக்கப்பட்டது. தொகை பெரிதா சிறிதா என்பதல்ல கேள்வி. திசை மாறியதைப் பாருங்கள்! திருமணத்துக்காகப் படிப்பு என்பது போய், படிப்புக்காகப் பணம் என்று ஆயிற்று.

நம் சாலையிலே

இனி, நாம் வாழும் நாவலூரைப் பார்ப்போம். பழைய மாமல்லபுரம் சாலையின் இருமருங்கும் கண்ணாடி மாளிகைகள். கழுத்தில் அடையாள அட்டையோடு ஆயிரமாயிரம் பெண்கள் கணினி முன் அமர்ந்து, கடல் கடந்த நிறுவனங்களுக்கு வேலை செய்கிறார்கள். "இனி என்ன குறை? பெண் விடுதலை பெற்றுவிட்டாள்" என்று இச்சாலையைக் காட்டி மகிழ்வோர் உண்டு. மகிழ்ச்சிதான். ஆனால் அந்தப் பெண் வீடு திரும்பியபின் என்ன செய்கிறாள் என்று கேட்டுப் பாருங்கள். அங்கே இரண்டாவது வேலை காத்திருக்கிறது. அதற்கு ஊதியம் இல்லை, விடுமுறை இல்லை. மணமகள் தேவை என்று விளம்பரம் தருவோர் கேட்பதென்ன? வேலைக்குச் செல்லும் பெண் வேண்டும். அவளே குடும்பப் பாங்கான பெண்ணாகவும் இருக்க வேண்டும்! அவள் ஊதியம் புதிய காலத்தது. அவள் பணிவு மட்டும் பழைய காலத்ததாக இருக்க வேண்டும்! ராக்கிம் ஜானானுக்குப் பியானோ கற்பித்தான். இக்காலத்து ராக்கிம், கணினி கற்றவளாகவே தேடுகிறான். அவ்வளவுதான் வேறுபாடு.

இதே சாலை சென்று முடியும் மாமல்லபுரத்திலே, சிங்கத்தின் மீதமர்ந்து எருமைத் தலையனோடு போர்புரியும் பெண் தெய்வத்தைக் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். அழகான சிற்பம், உளி பிடித்தவன் திறமைக்குத் தலைவணங்குவோம். ஆனால் கல்லிலே பெண்ணுக்கு எட்டுக் கைகள் கொடுத்த சமூகம், வீட்டிலே இரண்டே கைகளுக்கு எட்டுக் கைகளின் வேலையைக் கொடுத்தது! தெய்வம் என்று கும்பிடுவது எளிது. கும்பிட்ட கையால் பாத்திரம் துலக்குவதுதான் கடினம்.

பள்ளியில் பணிபுரியும் நாம் ஆண்டுதோறும் காணும் காட்சி ஒன்றுண்டு. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் நல்ல மதிப்பெண் பெறும் மாணவி, பக்கத்திலுள்ள கல்லூரியில், அங்கே இருக்கும் பாடத்தை எடுக்கிறாள். குறைந்த மதிப்பெண் பெற்ற அவள் அண்ணன், கடன் வாங்கிய பணத்தில் தொலைவிலுள்ள பொறியியல் கல்லூரியில் படிக்கிறான். காரணம் கேட்டால் பெற்றோர் கோபிப்பதில்லை. அன்போடுதான் விடை சொல்கிறார்கள்: "அவளுக்கு இது போதுங்க." கொடுமை, கொடிய முகத்தோடு வந்தால் எதிர்த்துவிடலாம். அன்பு முகத்தோடு வருகிறது. அதனால்தான் அந்தப் பெண்ணும் தலையசைத்துவிடுகிறாள்.

இளைஞர்களே! பகுத்தறிவுப் படையினரே! மூடநம்பிக்கையைத் தாக்க நமக்குத் துணிவு இருக்கிறது. சகுனம் பார்ப்பவரைப் பார்த்துச் சிரிக்கிறோம். சாதி பேசுபவரைச் சாடுகிறோம். ஆனால் அக்காவின் படிப்பு நிற்கும் நாளில் நாம் எங்கே நிற்கிறோம்? தாயும் மனைவியும் பரிமாறக் காத்திருக்க, சமத்துவம் பற்றிய நூலை உண்டு முடித்த கையோடு பிரிக்கிறோமா? கோயிலுக்குள் நுழையும் உரிமைக்காக வாதாடும் ஆண், அடுக்களைக்குள் நுழையும் கடமைக்காக என்றேனும் வாதாடியதுண்டா?

எளியதொரு சோதனையைக் கைக்கொள்ளுவோம். ஒரு பெண்ணைப் பற்றி நீங்கள் சொல்ல விரும்பும் வாக்கியத்தை, ஓர் ஆணைப் பற்றிச் சொல்லிப் பாருங்கள். "அவனுக்கு இவ்வளவு படிப்பு போதும், நல்ல கணவனாக இருந்தால் சரி" என்று சொல்ல நா கூசுகிறதா? கூசினால், பெண்ணைப் பற்றி அதைச் சொல்லவும் உங்களுக்கு உரிமையில்லை. இச்சோதனைக்கு மேல்நாட்டு நூலும் வேண்டாம். நம் நாட்டுச் சாத்திரமும் வேண்டாம். நாணயமான நெஞ்சு ஒன்று போதும்.

தமிழிலும் துருக்கியிலும் முதற் புதினம் எழுதிய பெரியோர் கதவைத் திறந்தனர், அதற்கு நன்றி. எவ்வளவு திறப்பது என்று கதவருகே அளவுகோலோடு நின்றனர்; அதனை மறவோம். அவர்கள் காலத்தில் திறந்ததே துணிவு. நம் காலத்தில் கதவருகே நிற்பதே கோழைத்தனம். பெண்ணுக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று கேட்பதை நிறுத்துவோம். கொடுப்பதற்கு அது நம்முடையதாக இருந்ததே இல்லை. அளவுகோலை முறிப்போம்! வாசலை விட்டு விலகி நிற்போம்! எந்தத் திசையில், எத்தனை தொலைவு என்பதை, நடக்கப் போகிறவளே தீர்மானிக்கட்டும்!